ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை

2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண விகிதத்தின்படி, இரண்டு மாதங்களில் சரியாக 500 யூனிட் செலவழித்த குடும்பம் 1,725 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அதே குடும்பம் 501 யூனிட் செலவழித்திருந்தால் தொகை 1,958 ரூபாய். அதாவது அந்தக் கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். கட்டணப் பட்டியலில் அப்படியொரு விலை எங்கும் அச்சிடப்பட்டிருக்காது. 500க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றுதான் போட்டிருக்கும். மீதி 225 ரூபாய், 101 முதல் 200 வரையுள்ள நூறு யூனிட்டுக்கு அரசு பாதி விலை போட்டுக் கொடுத்துவந்த சலுகை, 500ஐத் தாண்டியதும் கைவிட்டுப் போவதால் வருவது.

இதற்கு முந்தைய கட்டண விகிதத்தில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அப்போது 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501க்கு 1,786 ரூபாய் 60 காசு. மீட்டர் 498ஐக் காட்டும்போது கணக்கெடுக்க வருபவர் இன்றைக்கே வந்துவிடமாட்டாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. காரணம் இந்த 656 ரூபாய்தான். 2022 திருத்தம் இந்தப் பள்ளத்தை ஓரளவு தூர்த்தது. ஆனால் தூர்ப்பதற்கான மண் 500க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது.

இது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழித்த வீட்டின் கட்டணம் 170 ரூபாயிலிருந்து 225 ஆனது. 300 யூனிட் வீட்டுக்கு 530 என்பது 675 ஆனது. 400 யூனிட் வீட்டுக்கு 830 என்பது 1,125 ஆனது. 500 யூனிட் வீட்டுக்கு 1,130 என்பது 1,725 ஆனது. இது ஏறத்தாழ 53 சதவீத உயர்வு. அதற்கு மேலே 600 யூனிட் செலவழித்த வீட்டுக்கோ 2,440 ரூபாய் 2,750 ஆனது. உயர்வு 13 சதவீதத்துக்கும் குறைவு. 2.37 கோடி வீட்டு இணைப்புகளில் ஒரு கோடி இணைப்புகளுக்கு உயர்வே இல்லை என்றும், 63 லட்சம் இணைப்புகளுக்கு மாதம் 27 ரூபாய் 50 காசுதான் உயர்வு என்றும் அரசு அன்று சொன்னது உண்மையே. ஆனால் சுமையின் பெரும் விகிதம் யார் தலையில் இறங்கியது என்பது அந்த அறிவிப்பில் இல்லை. ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு துணி துவைக்கும் இயந்திரம், கோடையில் இரவில் மட்டும் ஓடும் ஒரு ஏ.சி. என்று வாழும் குடும்பம் 400க்கும் 500க்கும் இடையில்தான் நிற்கும். ஏழை என்று சலுகை பெறவும் முடியாத, வசதி படைத்தவர் என்று சொல்லவும் முடியாத அந்த நடு அடுக்குக்குத்தான் உயர்வு அதிகம் உறைத்தது.

இந்த உயர்வை அந்த ஆண்டின் முடிவாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. வீட்டு மின்கட்டணம் உயராமல் இருந்த ஆண்டுகளிலும் மின்சாரத்தின் செலவு உயர்ந்துகொண்டுதான் இருந்தது. அது நம் பில்லில் ஏறாமல் மின்வாரியத்தின் கடன் கணக்கில் ஏறியது. 2003ஆம் ஆண்டுக் கட்டணத்துக்குப் பிறகு 2010இல் ஒரு சிறு திருத்தம் வந்தது. அதிலும் வீட்டுப் பயனாளர்களுக்கான ஒரு பகுதியை அரசே மானியமாக ஏற்றது. 2011இல் ஆட்சி மாறி, 2012 ஏப்ரலில் ஏறத்தாழ 37 சதவீத உயர்வு ஒரே மூச்சில் வந்தது. 2014 டிசம்பரில் 15 சதவீதம். அப்போதும் 500 யூனிட் வரையுள்ள வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டது. 2016 மே 23 அன்று மீண்டும் முதலமைச்சரான ஜெயலலிதா கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று, எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது. இதற்கு ஆண்டுக்கு 1,607 கோடி ரூபாய் கூடுதல் மானியம் தேவை என்று அன்று சொல்லப்பட்டது. அதன் பிறகு 2022 வரை கட்டண உயர்வு இல்லை.

சட்டம் இப்படி நடக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆவது பிரிவின்படி, அரசு ஒரு பிரிவினருக்குக் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் கொடுக்க விரும்பினால் அதற்கான தொகையை மின்வாரியத்துக்கு முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். 61ஆவது பிரிவு, கட்டணம் படிப்படியாக உண்மையான வழங்கல் செலவை எட்ட வேண்டும் என்கிறது. ஆனால் கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் கட்டண மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியது மின்வாரியம். மின்வாரியம் அரசின் நிறுவனம். அரசு விரும்பாத ஆண்டில் மனு வராது. மனு வராவிட்டால் ஆணையம் தானாகவே முன்வந்து ஆணையிடலாம். 2014 ஆணை அப்படி வந்ததுதான். ஆனால் அது விதிவிலக்கு. அரசு தரும் மானியத்துக்கும் உண்மையான இழப்புக்கும் இடையில் எஞ்சும் தொகையை வாரியம் கடன் வாங்கி ஈடுகட்டியது.

அந்தக் கடன் 2021இல் 1.59 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டிருந்தது என்று புதிய அரசு பேரவையில் சொன்னது. பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலே ஆண்டுக்கு 15,900 கோடி. இதை 2.37 கோடி வீட்டு இணைப்புகளுக்கும் பங்கு போட்டால் ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு 6,700 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 1,100 ரூபாய்க்கு மேல். வட்டியை வீடுகள் மட்டும் கட்டுவதில்லை, தொழிற்சாலைகளும் கடைகளும் மாநில வரவுசெலவும் அதில் பங்கு ஏற்கின்றன என்பதால் இது ஓர் உருவகக் கணக்குதான். இருந்தாலும், கட்டணம் உயராத ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்தவை என்ற எண்ணத்தைக் கலைக்க இது போதும். 2017 ஜனவரியில், மின்வாரியங்களின் கடனை மாநில அரசுகள் ஏற்பதற்கான ஒன்றிய அரசின் உதய் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திட்டபோது, வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டது. கடன் குறையவில்லை, மின் கட்டணமாகக் கட்ட வேண்டியதை வரியாகக் கட்டுகிறோம் என்ற மாற்றம் மட்டுமே நடந்தது.

செலவு ஏன் உயர்ந்தது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது; ஆனால் பெரும்பகுதி மின்கொள்முதலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி உண்டு, கருப்பு நிலக்கரி இல்லை. வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரி பெரும்பாலும் ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. சுரங்க வாயிலில் ஒரு விலை, கொதிகலனுக்குள் விழும்போது இன்னொரு விலை. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி உலகச் சந்தையில் நிலக்கரி விலை டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியிருந்த வேளையில், உள்நாட்டு நிலக்கரி போதாது என்று பத்து சதவீதம் இறக்குமதி நிலக்கரியைக் கலக்கச் சொல்லி ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு நெருக்கடி கொடுத்தது. அதே கோடையின் தொடக்கத்தில் மின்சந்தையில் ஒரு யூனிட் 20 ரூபாய்க்கு விற்றது. ஒன்றிய அளவிலான மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு அதை 12 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் கொண்டுவந்தது. 4 ரூபாய் 50 காசுக்கு வீட்டில் எரியும் விளக்குக்குப் பின்னால் 12 ரூபாய்க்கு வாங்கிய மின்சாரமும் கலந்திருந்தது.

பழைய ஒப்பந்தங்கள் வேறு. 2008இல் தொடங்கி 2014 வரை நீண்ட மின்வெட்டைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேரம், பிற மாவட்டங்களுக்கு அரை நாளுக்கும் மேல் என்று மின்சாரம் போய் வந்த காலம் அது. அந்த அச்சத்தில் கையெழுத்தான நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்கள் இன்றும் வாரியத்தின் செலவைத் தீர்மானிக்கின்றன. 2015இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்திலிருந்து யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 ஆண்டுகள் வாங்க ஒப்பந்தமானது. இரண்டே ஆண்டுகளில், 2017இல் தமிழ்நாட்டின் சொந்த ஏலத்திலேயே சூரிய மின்சாரம் 3 ரூபாய் 47 காசுக்கு வந்துவிட்டது. 2015இல் சூரியத் தகடுகளின் விலை அப்படிச் சரியும் என்று யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது என்பது ஒரு நியாயம். ஆனால் 25 ஆண்டுக்கு ஒரே விலையைக் கட்டிப்போட்டால் அந்தச் சரிவின் பலன் நமக்கு வராது என்பதைச் சொல்ல முன்னறிவு தேவையில்லை.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. இந்தியாவின் மின்கட்டண அமைப்பே, தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் அடக்க விலைக்கு மேல் கட்டுவதால் வீடுகளும் விவசாயிகளும் அதற்குக் கீழே கட்ட முடியும் என்ற ஏற்பாட்டில் நிற்கிறது. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990 வாக்கிலும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதற்கான தொகையை அரசு ஓரளவு தருகிறது, எஞ்சியதை இந்தக் குறுக்கு மானியம் சுமக்கிறது. ஆனால் அதிகக் கட்டணம் கட்டுபவர் எத்தனை நாள் கட்டிக்கொண்டே இருப்பார்? கொங்கு மண்டலத்து நூற்பாலைகள் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கயத்தாற்றிலும் சொந்தக் காற்றாலைகளை நட்டன. காற்றுக் காலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் விட்டு, காற்று ஓய்ந்த மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும் சேமிப்பு வசதியும் கிடைத்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான், நாட்டிலேயே காற்றாலையில் நீண்டகாலம் முன்னணியில் நின்ற மாநிலம் என்ற பெருமையும் வந்தது. வாரியத்துக்கோ, நல்ல விலை தரும் வாடிக்கையாளர் பாதி நேரம் கைநழுவினார். இப்போது வசதியுள்ள வீடுகள் ஒன்றிய அரசின் மானியத்தோடு மொட்டைமாடியில் சூரியத் தகடு பொருத்தத் தொடங்கியிருக்கின்றன. 2024இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் 3 கிலோவாட் வரை 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. 8 ரூபாய்க்கு மேற்பட்ட மேல் அடுக்கில் கட்டணம் கட்டுபவர்தான் முதலில் தகடு போடுவார். மாடி இல்லாதவரும் வாடகைக்கு இருப்பவரும் கம்பியின் முழுச் செலவையும் பகிர்ந்துகொள்ள எஞ்சி நிற்பார்கள்.

2022 ஆணை இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. இனிமேல் ஆண்டுதோறும் ஜூலையில், நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது ஆறு சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானாக உயரும் என்று அது வகுத்தது. எட்டாண்டுச் செலவை ஒரே நாளில் இறக்குவதைவிட ஆண்டுக்கு நான்கு சதவீதம் உயர்த்துவது குடும்பத்துக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நியதியும் அரசியலிடமிருந்து தப்பவில்லை. 2023 ஜூலையில் 2.18 சதவீதம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம், மக்களவைத் தேர்தல் முடிந்துவிட்டிருந்தது, வீடுகளும் கட்டின. 201 முதல் 400 வரையுள்ள யூனிட்டின் விலை 4 ரூபாய் 50 காசிலிருந்து 4 ரூபாய் 70 காசானது. 2025 ஜூலையில் 3.16 சதவீதம்; சட்டப்பேரவைத் தேர்தலுக்கு ஓராண்டுகூட இல்லை, வீடுகளுக்கு விலக்கு. 2012, 2022 என்ற இரண்டு பெரிய உயர்வுகளும் ஆட்சி மாறிய மறு ஆண்டில் வந்தவை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். எந்தக் கட்சி என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, நாட்காட்டிக்குத்தான் தொடர்பு.

கட்டண விகிதத்தில் தெரியாத செலவுகளும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், லிப்ட் ஆகியவற்றுக்கு 2022இல் தனிக் கட்டணப் பிரிவு உருவாக்கப்பட்டு யூனிட் 8 ரூபாயும், இணைப்பின் திறனுக்கேற்ப நிலையான கட்டணமும் விதிக்கப்பட்டன. வீட்டு மீட்டரில் இது வராது. பராமரிப்புக் கட்டணத்தில் வரும். எதிர்ப்புக்குப் பிறகு 2023இல், பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். வாடகைக் குடித்தனங்களின் நிலை இதைவிட மோசம். ஒரே இணைப்பில் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் இடத்தில், 200 யூனிட்டுக்கு அரசின் 2022 பட்டியல்படி 225 ரூபாய் கட்ட வேண்டியவர் 1,600 ரூபாய் கட்டுகிறார். அரசு கொடுக்கும் மானியம் இணைப்பின் உரிமையாளரிடம் நின்றுவிடுகிறது.

மாதந்தோறும் கணக்கெடுப்பு என்ற கோரிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவும் இருந்தது. மாதம் ஒருமுறை கணக்கெடுத்தால் கட்டணம் பாதியாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இப்போதுள்ள அடுக்குகளை அப்படியே மாத அளவுக்கு வைத்துக்கொண்டால் அது நடக்கும். ஆனால் அது கணக்கெடுப்புச் சீர்திருத்தம் அல்ல, இலவசத்தை இரட்டிப்பாக்குவது. அடுக்குகளைப் பாதியாக்கி மாதக் கணக்கு எடுத்தால், ஏற்றத்தாழ்வாகச் செலவழிக்கும் குடும்பத்துக்கு நட்டமே வரும். ஒரு மாதம் 150, மறு மாதம் 350 என்று செலவழிக்கும் வீட்டுக்கு 2022 விகிதப்படி இரண்டு மாதக் கணக்கில் 1,725 ரூபாய். பாதியாக்கிய அடுக்கில் மாதக் கணக்கு எடுத்தால் 2,162 ரூபாய் 50 காசு. இரண்டு மாதமும் சேர்ந்து சராசரியாவதால் கிடைக்கும் பாதுகாப்பு அதில் போய்விடுகிறது. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது: அறுபது நாளில் வர வேண்டிய கணக்கீட்டாளர் அறுபத்தைந்தாவது நாளில் வந்தால், அந்த ஐந்து நாளின் யூனிட்டுகள் வீட்டை மேல் அடுக்குக்குத் தள்ளிவிடும். தாமதம் வாரியத்துடையது, விலை நம்முடையது.

மின்சாரத்தில் மாநில அரசு செய்வதை எரிவாயுவில் ஒன்றிய அரசு செய்கிறது. இந்தியா தன் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. விலையின் அடிப்படை சவூதி அரேபியா மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலை. 2020 ஏப்ரலில் டன்னுக்கு 240 டாலரை ஒட்டியிருந்த அந்த விலை 2022 ஏப்ரலில் 950 டாலரை ஒட்டி நின்றது. 2020 மே மாதம் சந்தை விலை சரிந்து மானியம் தேவைப்படாமல் போனது; பிறகு விலை ஏறியபோது பெரும்பாலான வீடுகளுக்கு மானியம் திரும்பி வரவில்லை. நிறுத்துகிறோம் என்ற அறிவிப்பே இல்லாமல் ஒரு மானியம் நின்றுபோன விதம் இது. சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2020 நவம்பரில் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்டில் 200 ரூபாயும், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தன. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது. அடக்க விலைக்குக் கீழே விற்ற நட்டத்துக்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு 2022இல் 22,000 கோடியும் 2025இல் 30,000 கோடியும் கொடுக்க முடிவெடுத்தது. பெயர்கள் வேறு, வழி ஒன்று.

இந்த இரண்டு கொள்கைகளும் ஒரே அடுக்களையில் சந்திக்கின்றன என்பதை இரண்டு அரசுகளும் கணக்கில் எடுப்பதில்லை. சிலிண்டர் 1,100 ரூபாயைத் தாண்டியபோது பல வீடுகள் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறின. நாளுக்கு ஒன்றரை யூனிட் கூடினாலும் இரண்டு மாதத்தில் 90 யூனிட். 430இல் நின்ற வீடு 520க்குப் போகும். 2022 விகிதப்படி 1,305 ரூபாய் கட்டியவர் 2,110 ரூபாய் கட்டுவார். சிலிண்டரில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியை மீட்டர் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து வரவிருப்பது நேரத்துக்கேற்ற விலை. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல், சூரியன் போன பிறகு, வீடுகள் விளக்கும் விசிறியும் ஏ.சி.யும் போடும்போதுதான் வாரியம் வெளியே அதிக விலைக்கு வாங்குகிறது. 2023இல் ஒன்றிய அரசு திருத்திய விதிகளின்படி, எந்த நேரத்தில் எவ்வளவு செலவானது என்பதைப் பதிவுசெய்யும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளுக்குப் பகல் நேரத்தில் 20 சதவீதமாவது குறைவாகவும், உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் அதிகமாகவும் கட்டணம் அமைய வேண்டும். காகிதத்தில் இது நியாயமான ஏற்பாடு. பகலெல்லாம் வேலைக்குப் போய் மாலையில் திரும்பிச் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடு எந்த வேலையைப் பகலுக்கு மாற்றும் என்பதற்கு விதியில் பதில் இல்லை.

பழைய இழப்புகளும் காத்திருக்கின்றன. கட்டணத்தில் வசூலிக்காமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த தொகைகளை இனியும் தள்ளிப்போட முடியாது, காலக்கெடு வைத்துத் தீர்த்தாக வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2022 ஆணையின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கடுத்த ஆண்டுகளுக்கான மனுவில் எந்தெந்த ஆண்டின் செலவு சேர்ந்து வரும் என்பதை, 2026 தேர்தலுக்குப் பிந்தைய முதல் குளிர்காலத்தில் வாரியம் ஆணையத்தின் முன் வைக்க வேண்டியிருக்கும்.